மார்கழியில் பிடித்தவை: இளம் ஓவியர் ஒருவரின் கேள்விக்கு

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். டிசைன் படித்து முடித்து, வேளச்சேரியில் அறையெடுத்துத் தங்கி, படம் வரைந்து கொடுக்கும் வேலை பார்க்கிறீர்கள். மாதக் கடைசியானால் உங்கள் துறையில் இருக்கிற எல்லோரும் ‘இந்த மாதம் எனக்குப் பிடித்தவை’ என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். ஒரு மெழுகுவத்தி, ஒரு காபிக் கோப்பை, ஒரு கொரியத் தொடர், ஒரு ஆப். உங்களுக்கும் அப்படி ஒன்று போட ஆசை. இப்போது மார்கழி, கையில் 2,000 ரூபாய், சென்னைக்குள் எதைத் தேடலாம் என்று கேட்கிறீர்கள். பொழுதும் போக வேண்டும், வேலைக்கும் ஆக வேண்டும். நல்ல தமிழ் எழுத்துரு எது, திரையில் என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ‘எல்லாப் பட்டியலும் ஒன்று போலவே இருக்கிறதே, எனக்கென்று ஒரு ரசனை எப்படி வரும்?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியே அதுதான் என்று எனக்குப் படுகிறது. முன்னால் இருப்பதெல்லாம் அதற்கான பீடிகை.

பட்டியல்கள் ஏன் ஒன்று போல இருக்கின்றன என்பதில் பெரிய மர்மம் இல்லை. அவற்றில் கணிசமானவை காசு வாங்கிக்கொண்டு போடுபவை, அல்லது இலவசமாக வந்த பொருளுக்குப் பதில் மரியாதை. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 தொடக்கத்திலும், காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதைப் பதிவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டன. பலர் சொல்கிறார்கள், சிலர் இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவே ஒளித்து வைக்கிறார்கள். கூரியரில் உடையாமல் போய்ச் சேர்கிற பொருள்தான் இப்படிப்பட்ட பட்டியலில் இடம்பிடிக்கும். தெருவில் கிடைப்பதை யாரும் பார்சல் அனுப்பமாட்டார்கள், அதனால் அது வராது. உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்க வேண்டுமென்றால், வாங்கியதை வைத்துப் பட்டியல் போடாமல் வரைந்து பார்த்ததை வைத்துப் போடுங்கள். ஒரு பொருளை உங்கள் கையால் ஒருமுறையாவது வரைந்து பார்க்காத வரை அது உங்கள் கண்டுபிடிப்பில் சேராது. கீழே சொல்வதையெல்லாம் இந்தக் கணக்கில்தான் சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெடுங்காலமாகப் புத்தக அட்டையும் உள்பக்க வடிவமைப்பும் செய்து பிழைக்கிறவன், இடையிடையே மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அச்சு, எழுத்து, தாள், கோடு இவற்றைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். எந்தப் பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேரும், ரீல்ஸ் எத்தனை நொடி இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் என்னிடம் வராதீர்கள்.

மார்கழி என்றால் கோலம் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் உங்களைப் போல் வரைகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டிய விதம் வேறு. ஒருநாள் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போங்கள். போட்டு முடித்த கோலம் எங்கும் போய்விடாது, போடுகிற கையைப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இறங்குகிறது. விரல் தரையைத் தொடுவதில்லை, ஓரங்குல உயரத்தில் நிற்கிறது. கோட்டின் பருமனைத் தீர்மானிப்பது விரல் இடுக்கும், கை நகரும் வேகமும். கொஞ்சம் தயங்கினால் அந்த இடத்தில் மாவு திட்டாக விழுந்துவிடும். அதனால் பழகியவர்கள் வளைவில் வேகத்தைக் குறைப்பதே இல்லை, தோளிலிருந்து கையை வீசுகிறார்கள். டேப்லெட்டில் மணிக்கட்டை மட்டும் ஆட்டி வரைகிற நம் ஆட்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. கோடு நடுங்குகிறது என்று புலம்பும் மாணவர்களை நான் முதலில் தரையில்தான் வரையச் சொல்வேன்.

புள்ளி வைக்கும் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளி என்றால் வரிசைக்கு நேர்கீழே வரிசை, சதுரக் கட்டம். ஊடுபுள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு இடையில் அடுத்த வரிசையின் புள்ளி. ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை’ என்று சொன்னால் நடுவரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று இறங்கிக்கொண்டே போய் 8இல் நிறுத்த வேண்டும். மொத்தம் 169 புள்ளி. வெளிவிளிம்பு தானாகவே அறுகோணமாக அமைந்துவிடும். இந்தக் கட்டம் கிராஃபிக் வேலையில் நாம் பயன்படுத்தும், முக்கோணங்களால் ஆன ஐசோமெட்ரிக் கட்டமேதான், உங்கள் பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் அவரோடு பணிசெய்தவர்களும் 1970களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, ஒரு கோலத்தை விதிகளால் எப்படி எழுதலாம் என்று கணினி அறிவியல் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அதை முதலில் தாளில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். கை எடுக்காமல் ஒரே கோட்டில் முடிகிற கோலம் எது, இரண்டு மூன்று கோடாகப் பிரிகிற கோலம் எது என்று கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் ஓடிவிடும். இந்த மாதப் பொழுதுபோக்கில் முதலிடம் இதற்குத்தான். செலவு ஒரு பொட்டலம் கோலமாவு. ஒரேயொரு வேண்டுகோள்: அடுத்தவர் வாசலைப் படம் எடுக்கும் முன் ‘எடுத்துக்கட்டுமாம்மா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், கூடவே அந்தக் கோலத்தின் கணக்கையும் சொல்லிக் கொடுப்பார்கள். ஜனவரியில் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றால் ஒரு வருடத்துக்கான சரக்கு கிடைக்கும்.

அடுத்தது தீப்பெட்டி. விலை 2 ரூபாய். (2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டாக ஏறியது.) சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து வரும் இந்தப் பெட்டிகளின் லேபிளை நம்மில் பலர் உற்றுப் பார்த்ததே இல்லை. வெவ்வேறு பெட்டிக் கடைகளில் பத்துப் பெட்டி வாங்கி வந்து மேசையில் அடுக்கிப் பாருங்கள். இரண்டு விரல் அகல இடத்தில் ஒரு படம், ஒரு பெயர், ஒரு வரி விளம்பரம், சட்டம் கேட்கும் பொடி எழுத்து எல்லாம் உட்கார்ந்திருக்கும். படம் என்னவாக இருந்தாலும், சாவி, கப்பல், மயில், கோழி, வெளிக்கோடு தடிமனாக இருக்கும், உள்ளே ஒரே தட்டையான நிறம். காரணம் அழகுணர்ச்சி மட்டும் அல்ல. வேகமாக, மலிவான அட்டையில் அச்சாகும்போது ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் மிகச் சரியாக உட்காராது. மஞ்சள் அரை மில்லிமீட்டர் தள்ளி விழும். தடிமனான கறுப்புக் கோடு அந்த விலகலை மறைத்துவிடும். அச்சகத்தில் இதை ‘ரெஜிஸ்டர் அவுட்’ என்பார்கள். இந்தப் பெட்டிகளில் அது எங்கெங்கே தெரிகிறது என்று ஒரு பூதக்கண்ணாடியை வைத்துத் தேடுங்கள். இன்று பலர் கணினியில் மெனக்கெட்டு ‘பழைய அச்சு’ எஃபெக்ட் போடுகிறார்கள், அந்த எஃபெக்டின் மூலம் இங்கே 2 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பயிற்சி வேண்டுமென்றால், உங்கள் வேளச்சேரி அறைக்கு ஒரு தீப்பெட்டி லேபிள் வரையுங்கள். நிஜ அளவில், மூன்று நிறத்துக்குள். பெரிதாக வரைந்து சுருக்கக் கூடாது, அதைச் செய்தால் பயிற்சியே போச்சு.

டிசம்பர் கடைசியில் இன்னொரு பொருள் இலவசமாகவே கிடைக்கும். மளிகைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை எதில் வாடிக்கையாக வாங்கினாலும் ஒரு தினசரி காலண்டர் தருவார்கள். அந்தத் தாளில் ஒன்றைக் கிழித்து மேசையில் வையுங்கள். நடுவில் தேதி, அறையின் மறுகோடியிலிருந்தும் தெரிகிற அளவில். அதற்குக் கீழே கிழமை, தமிழ் மாதமும் தேதியும், நட்சத்திரம், திதி, ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், பிறை, விசேஷ நாள். விடுமுறை என்றால் சிவப்பு. ஏறக்குறைய உள்ளங்கை அளவு தாளில் இத்தனை விஷயத்தை வைத்தும் எழுபது வயது அம்மா ராகு காலத்தைக் கண்ணாடி போடாமல் கண்டுபிடிக்கிறார் என்றால், அந்த வடிவமைப்பில் ஏதோ இருக்கிறது. எந்த விஷயத்துக்கு எந்த அளவு எழுத்து, எது மூலையில் போக வேண்டும் என்பதைப் பற்றி வகுப்பில் நாம் நிறையப் பேசுவோம். ஸ்கேலை வைத்து இந்தத் தாளை அளந்து உங்கள் நோட்டில் மறுபடி வரைந்து பாருங்கள், பேச்சு தேவைப்படாது. காலண்டர் அட்டையின் சாமி படத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள்தான் சிவகாசி அச்சு வழியாக வீட்டுக்கு வீடு போயின. சாமிக்குப் பின்னால் மேடை போட்டது போல் தூணும் திரையும் தொலைவில் மலையும் ஏன் வருகின்றன என்று இப்போது புரியும்.

எழும்பூர் பாந்தியன் சாலைக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது, நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். அங்குள்ள நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார், அவர் இறந்த பிறகு 1921இல் அது வெளியானது. நேரில் பார்க்க நமக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். திருவெண்காட்டு அர்த்தநாரியைத் தேடி, எதிரே உட்கார்ந்து வரையுங்கள். ஒரு பக்கம் ஆண் இடுப்பு, மறுபக்கம் பெண் இடுப்பு. இரண்டையும் ஒரே முதுகெலும்பு தாங்க வேண்டும். உடல் எங்கெங்கே வளைகிறது என்பதை மூன்று கோட்டில் பிடித்துவிட்டால் போதும், நகையையெல்லாம் விட்டுவிடுங்கள். என் மாணவர்கள் பெரும்பாலும் நகையில் தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். முடிந்தால் பக்கவாட்டிலும் பின்பக்கமும் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவையும் வரையுங்கள். உற்சவ மூர்த்திகள் வீதியில் சுமந்து போவதற்காக வார்க்கப்பட்டவை, எல்லாப் பக்கமும் பார்க்கத் தகுந்தவை. அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அதே சாலையில் கோ-ஆப்டெக்ஸின் பெரிய கடையும் இருக்கிறது. வாங்காவிட்டாலும் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துக் காட்டச் சொல்லி அந்தப் பட்டைகளின் நிற வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எவ்வளவு அகலம் என்று எழுதி வைத்தால் அதுவே ஒரு நல்ல வண்ணப் பலகை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு இடம் உண்டு, எல்லோரும் சொல்வதுதான், அதனால் சுருக்கமாக. ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமம், 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கியது. பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்றுக் கிடைத்த பணத்தில்தான் ஓவியர்கள் அங்கே காலூன்றினார்கள். ஃப்ரீலான்ஸ் வருமானத்தை நினைத்து ராத்தூக்கம் போகிறவர்கள் அந்தக் கதையைப் படிப்பது நல்லது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தென்னிந்திய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நுழைவுச் சீட்டும் போக்குவரத்தும் சேர்ந்து உங்கள் 2,000இல் நன்றாகவே கடித்துவிடும். இந்த மாதம் சோழமண்டலம் மட்டும் போதும் என்பேன். ஆயிரம் விளக்குப் பக்கம் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் கண்காட்சி நடந்தால் காசில்லாமல் பார்க்கலாம்.

சங்கீத சீசனைப் பற்றி எனக்கு ஞானம் கிடையாது, ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் வரைகிறவர்களுக்கு அது தங்கச் சுரங்கம். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. அங்கிருந்து தொடங்கிய பழக்கம் இன்று ஊர் முழுக்க சபாக்களாக நிற்கிறது. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட், ஆனால் மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். இளம் பாடகர்கள், கூட்டம் குறைவு, பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்தால் மிருதங்கக்காரரின் இரண்டு கையும் தெரியும். இருட்டில் தாள் சரியாகத் தெரியாது, அது நல்லதுதான். அழிக்க முடியாது, திருத்த முடியாது, அடுத்த வீச்சுக்குள் ஒரு கோட்டைப் போட்டாக வேண்டும். போன் வெளிச்சத்தைப் போடாதீர்கள், தாள் புரட்டுகிற சத்தம் வராத நோட்டைக் கொண்டுபோங்கள், தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் எழுந்து வெளியே போகாதீர்கள். அப்புறம் கேன்டீன். வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஒருமுறை செலவு செய்யலாம், தப்பில்லை. பட்டுப்புடவையும் ஸ்வெட்டரும் சேர்ந்து உட்கார்ந்து அடை அவியல் சாப்பிடும் காட்சி உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

என் சொந்த விஷயம் எழுத்து, அதில் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதியுங்கள். புத்தகக் காட்சி 1977 முதல் நடந்து வருகிறது. மார்கழிக் கடைசியில் போய் 10 சதவீதக் கழிவில் புத்தகம் வாங்குவது எல்லோரும் செய்வது. நீங்கள் முதல் தடவை பணமே எடுத்துக்கொள்ளாமல் போய், அட்டைகளை மட்டும் பாருங்கள். எந்தப் பதிப்பகத்தின் புத்தகம் பத்தடி தூரத்திலிருந்து கூப்பிடுகிறது, எது கூப்பிடவில்லை, தலைப்பின் எழுத்து கையால் எழுதியதா, கணினி எழுத்துருவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளை எங்கே பார்த்தாலும் நின்று பாருங்கள். காய்ந்த தூரிகையின் பிசிறோடு நிற்கும் அந்த எழுத்தைப் பார்த்து, தமிழ் எழுத்தே ஓர் ஓவியம் என்ற துணிச்சல் எங்கள் தலைமுறைக்கு வந்தது. பழைய புத்தகக் கடைகளில் 1978க்கு முன் அச்சான எதையாவது ஒன்று வாங்குங்கள். அந்த ஆண்டுதான் பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர் அரசு ஆணையாக்கியது. அதற்கு முந்தைய அச்சில் லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும், ணா, றா, னா சுழித்துக்கொண்டு போகும். லோகோ வேலையில் அந்த வடிவங்களை இன்றும் பயன்படுத்தலாம். படிக்கிற வாக்கியத்தில் வேண்டாம், இளையவர்களுக்கு வாசிக்க வராது.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, உங்கள் அறையிலிருந்து பக்கம்தான். அது யாருடைய சேகரிப்பு தெரியுமா? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஓர் ஓவியருடையது. போர்டு எழுதிச் சம்பாதித்ததில் பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994இல் இந்த நூலகம் உருவானது. நம் தொழில்காரர் ஒருவர் தேடித் தேடிச் சேர்த்தது இன்று உலகமெங்கும் ஆய்வாளர்கள் வந்து பார்க்கும் இடம். அது ஆய்வு நூலகம் என்பதால் போகும் முன் அழைத்து, என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போக முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடக்கின்றன. கதையை விடுங்கள், விளம்பரப் பக்கங்களைப் புரட்டுங்கள். சோப்பு, தைலம், கிராமபோன் விளம்பரங்களின் பார்டரும் எழுத்தும் ராத்திரி இரண்டு மணி வரை இழுத்துக்கொண்டு போகும்.

எழுத்துரு கேட்டிருந்தீர்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரன், முக்த மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை, பவனம், கவிவனர் என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாக இருக்கின்றன, அவற்றின் உரிமம் வணிக வேலைக்கும் இடம் தருகிறது. கட்டமரனில் மெலிதிலிருந்து தடிமன் வரை ஒன்பது எடை, தலைப்பும் உள்ளுரையும் ஒன்றிலேயே ஓட்டலாம். கவிவனர் சாய்ந்த கையெழுத்துச் சாயல், அழைப்பிதழுக்கு அழகு, நீண்ட பத்திக்கு வேண்டாம். அடோபி மென்பொருளில் ‘கொ’ எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? எழுத்துருவில் குற்றம் இல்லை, ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரை இயக்குங்கள், சரியாகிவிடும். இந்த ஒரு அமைப்பு தெரியாமல் கொம்பு தனியாக, கால் தனியாக அச்சான ஃபிளக்ஸ்கள் ஊரில் நிறையத் தொங்குகின்றன.

தாளும் மையும் வாங்க பாரிமுனைக்குப் போங்கள். ஆண்டர்சன் தெருவில் தாள் வியாபாரம்தான் பிரதானம், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே தாள் கடைகள். ஜி.எஸ்.எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். பென்சிலுக்கும் மைக்கும் 150க்குக் குறையாத கார்ட்ரிட்ஜ் தாள் பெரிய ஷீட்டாக வாங்கி, அங்கேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆர்ட் கடையின் ஸ்கெட்ச் புக் விலையோடு ஒப்பிட்டால் நல்ல லாபம். வெட்டும் முன் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இலகுவாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். இலகுவாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் விழுகிறதோ, அதுதான் கிரெய்ன், தாளின் நார் ஓடும் திசை. நோட்டுத் தைத்தால் முதுகு அந்தத் திசைக்கு இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு மூடாது. புதுச்சேரி ஆசிரமத்தின் கைத்தாள் ஆலையில் 1959 முதல் பருத்திக் கழிவிலிருந்து செய்யும் தாள் கிடைத்தால் நாலைந்து ஷீட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாட்டர்கலருக்கு நன்றாக வரும். மைப் பேனா ஆசை இருந்தால், திருவள்ளூரில் எபோனைட் என்ற கெட்டி ரப்பர் பேனாவை ஒவ்வொன்றாகக் கையால் கடைந்து தருகிறார்கள். அற்புதமான பொருள், ஆனால் இந்த மாதக் கணக்குக்குள் வராது. இப்போதைக்குச் சாதாரணப் பள்ளிக்கூட மைப் பேனாவே போதும். ஒன்று மட்டும்: நீர் கரைக்காத ‘இந்தியன் இங்க்’ பாட்டிலை மைப் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் நிப்பு ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும். அதைத் தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் என்ன பார்க்கலாம் என்பதற்கு என் பதில் கொஞ்சம் ஒருதலைப்பட்சமானது. தொடர்களைச் சிபாரிசு செய்ய எனக்குப் பொறுமையில்லை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் தளத்தில் நிறையக் குறும்படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே நார்மன் மெக்லாரன் செய்தவற்றைத் தேடுங்கள். கேமராவே இல்லாமல் பிலிம் சுருளின் மேல் நேரடியாக வரைந்தும் கீறியும் படம் எடுத்தவர். ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். அனிமேஷனுக்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும் என்ற நினைப்பு அத்தோடு போய்விடும். கொரியத் தொடர் பார்த்தால் தப்பா என்றால், இல்லை. ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு நிறுத்தி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சுவரின் நிறம் என்ன, ஆள் சட்டகத்தில் எந்த மூலையில் நிற்கிறார் என்று மூன்று சின்னக் கட்டம் போட்டு வரைந்தால் அதுவும் உங்கள் கணக்கில் சேரும்.

இதில் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதைச் சந்தேகத்தோடு சொல்கிறேன் என்று பிரித்துச் சொல்வது நியாயம். பார்த்துப் பார்த்து வரைந்தால் கை திருந்தும், கண் கூர்மையாகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வருகிற மாணவர் எல்லோரிடமும் பார்க்கிறேன். ஆனால் பார்த்ததெல்லாம் சேர்ந்து ‘எனக்கென்று ஒரு பாணி’ ஆகுமா, எப்போது ஆகும் என்றால், அதை யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. சிலருக்கு இரண்டு வருடத்தில் வருகிறது. சிலர் நன்றாக வரைந்துகொண்டே, பாணி என்று ஒன்று இல்லாமலே நல்ல வேலையாகச் செய்து நிம்மதியாக இருக்கிறார்கள். கோலமும் தீப்பெட்டியும் வரைந்தால்தான் தமிழ்த்தனம் வரும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த வழியில் போய், எந்த வேலை வந்தாலும் ஓரத்தில் ஒரு கோலத்தை ஒட்டிவிட்டு முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு, அது இன்னொரு வகை மெழுகுவத்தி.

பதிவு போடுவதில் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நான் வக்கீல் இல்லை, தொழிலில் பழகியதைச் சொல்கிறேன். இந்தியாவில் ஓர் ஓவியரின் படைப்புரிமை அவர் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும். ஆதிமூலம் மறைந்தது 2008இல். அப்படியென்றால் அவருடைய கோட்டோவியத்தை எடுத்து டி-சர்ட்டில் போடும் எண்ணமே வேண்டாம். பயிற்சிக்குப் பார்த்து வரைந்ததை உங்கள் நோட்டில் வைத்துக்கொள்வது ஒன்று, விற்பது வேறு. தீப்பெட்டி லேபிள் பழசாகத் தெரிந்தாலும் அதன் பெயரும் படமும் யாரோ ஒருவரின் பதிவு செய்த வணிகக் குறியாக இருக்கலாம், அதனால் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு சொந்தமாக ஒன்றைச் செய்யுங்கள். பரம்பரைப் புள்ளிக் கோலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. யாராவது புதிதாக உருவாக்கிப் புத்தகமாகப் போட்ட கோலம் என்றால் நிலைமை வேறாக இருக்கலாம், அங்கே கேட்டுவிட்டுச் செய்வது பாதுகாப்பு.

பணத்துக்கு வருவோம். என் கையில் 2,000 இருந்தால், பாதியைத் தாளுக்கும் மைக்கும் வைப்பேன். ஒரு முன்னூறு, நானூறு ரூபாயைப் பழைய புத்தகத்துக்கு. ஒரு கேன்டீன் சாப்பாடு. தீப்பெட்டி, கோலமாவு, நுழைவுச் சீட்டு எல்லாம் சில்லறைக் கணக்கு. மிச்சத்தில் மின்சார ரயிலும் பஸ்ஸும். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி, மயிலாப்பூர், பாரிமுனைக்குப் பக்கத்தில் கடற்கரை நிலையம் எல்லாம் ஒரே தடத்தில் வந்துவிடும், அந்த மூன்றுக்கும் தனித்தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் அன்றைக்கு ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தடத்தில் அவ்வப்போது வேலை நடக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. படம் எடுக்க என்ன விதி என்பதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள், பென்சிலுக்கு யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை.